சுடாத கல்

சித்திரை மாதத்தில் திருத்தணி மலைப்படி நடுப்பகலில் சுடும். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுகிறவர்கள் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துக் கால் வைப்பார்கள். நிழல் இல்லாத இடத்தில் குதிப்பார்கள். பட்டுப் புடவை கட்டிய பெரிய வீட்டுப் பெண்களும் குதிப்பார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் கௌரவம் நினைவில் இருக்காது.

அந்த வருஷம் நான் குதிக்கவில்லை.

என் மனைவி ஒரு பக்கம் குதித்தாள். அவளுடைய தம்பி இன்னொரு பக்கம் குதித்தான். நடுவில் நான் நின்றேன். வெறுங்கால்தான். கல் சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை. வெறும் கல்லாக இருந்தது.

"பாவா, காலு சுடலயா?" என்றான் மச்சான். அக்கா புருஷனை அவர்கள் வீட்டில் பாவா என்பார்கள்.

"இல்ல."

"அக்கா, இத்த பாரு. உன் வூட்டுக்காரு சாமியாராயிட்டாரு."

பாதி மலையில் ஒரு மண்டபம் இருக்கிறது. அதற்கு எதிரே குடை வைத்துக்கொண்டு பூவும் கற்பூரமும் விற்கிற அம்மா ஒருத்தி. அவள் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கும்பிட்டாள்.

"மனசுல முருகன் குந்தியிருந்தா கல்லு சுடாது சாமி" என்றாள்.

பக்கத்தில் நகரியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் தங்கள் பிள்ளையை என் காலில் விழச் சொன்னார்கள். பிள்ளையும் குதித்துக் குதித்து வந்து விழுந்தது. மச்சான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். ஒருவேளை அந்த அம்மா சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எனக்கும் பட்டது. யாராவது கும்பிட்டால் மனுஷனுக்கு அப்படித்தான் படும்.

எனக்கு வந்த வியாதி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டது. நாங்கள் அதற்கு விபூதி பூசி வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

எனக்கு நிலம் கொஞ்சம் உண்டு. திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். நெல், வேர்க்கடலை. எட்டாவது வரை படித்தேன். அதிகம் பேச மாட்டேன். பேசுவதற்கு வீட்டில் வேறு ஆள் இருக்கிறது.

மனைவி அம்மையார்குப்பத்துக்காரி. தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குடும்பம். தறி இல்லாத இடத்திலும் அதே அளவில்தான் பேசுவார்கள். அவள் தம்பி தறியை விட்டுவிட்டுத் திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆட்டோ சத்தம் தறிச் சத்தத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவன் குரல் குறையவில்லை.

கல் சுடாமல் போனதற்குப் பிறகு செருப்பு கழல ஆரம்பித்தது. வரப்பில் நடப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இருக்கும், ஒரு காலில் இருக்காது. எங்கே விட்டேன் என்று தெரியாது. விட்டதே தெரியாது.

"இன்னொன்னையும் வுட்டுட்டு வர்றதுதானே. ஜோடியா தேடலாம்" என்பாள் மனைவி.

பிறகு கால் கனக்க ஆரம்பித்தது. களை எடுக்கக் குனிந்தால் கொஞ்ச நேரத்தில் தொடையிலிருந்து கீழே ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டியது போல ஆகும். வரப்பில் உட்காருவேன். சாக்கு மெதுவாக அவிழும். எழுந்து மறுபடியும் குனிவேன். மறுபடியும் சாக்கு. களை எடுக்க வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணன் முதலாளி ஆயிட்டாரு. குந்திக்கினே வேலை வாங்குறாரு."

பக்கத்து நிலத்துக்காரர் நான் தள்ளாடி நடப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, காலைலயே ஊத்திக்கினியா?" என்றார். நான் குடிப்பதில்லை. அதைச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் களைப்பு என்றார். ஒருவர் இடுப்பில் படம் எடுத்து, எலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று பெல்ட் கொடுத்தார். கட்டினேன்.

"பஸ் கண்டக்டரு மாதிரி கீறீங்க. பைதான் இல்ல" என்றாள் மனைவி.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. ரத்த அழுத்தமும் இல்லை.

"இவருகிட்ட வர்றதுக்கு வியாதிக்கே பயம். வந்தா பேச்சுத் துணைக்கு ஆளிருக்காது" என்றான் மச்சான்.

இன்னொரு விஷயமும் இருந்தது. சிறுநீர் கழிக்க நின்றால் வராது. நின்றுகொண்டே இருப்பேன். வரும்போது கொஞ்சமாக வரும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது? மனைவி வெளியிலிருந்து கதவைத் தட்டுவாள்.

"உள்ள பேப்பர் படிக்கிறீங்களா? படிச்சிட்டு குடுங்க, நானும் படிக்கணும்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். கால் பலம் மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தது. ஒரு நாள் வயலுக்குப் போகும் வழியில் வாய்க்காலைத் தாண்டக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. வாய்க்காலில் விழுந்தேன். முழங்கால் அளவு தண்ணீர்தான். அன்று இரவு மனைவி சிரிக்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். படி பூஜை வேண்டிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் இது உண்டு. கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரைக்கும் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் விட்டுத் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு ஏறுவது. யாருக்குக் குறையோ அவர் கையால் செய்தால் நல்லது என்பார்கள். என் குறை காலில். ஆகவே நான் குனிய வேண்டும்.

"மலைக்கு மேல வரைக்கும் ரோடு போவுது. ஆட்டோல கொண்டாந்து சன்னிதி கிட்ட வுட்றேன். நின்னுகினே கும்பிடட்டும்" என்றான் மச்சான்.

"வேண்டிக்கினது படிக்குடா. உன் ஆட்டோவுக்கு இல்ல."

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அடங்கட்டும் என்று ஆவணியில் போனோம். விடிந்த உடனே ஆரம்பித்தோம். என் கையில் மஞ்சள் கிண்ணம். மனைவியிடம் தட்டு. மச்சானிடம் தண்ணீர்க் குடமும் வாயும்.

குனிந்தேன், பூசினேன், பொட்டு வைத்தேன், நிமிர்ந்தேன். ஒரு படி ஏறினேன். மறுபடியும் குனிந்தேன். சரவணப் பொய்கைக் குளம் கீழே சின்னதாகிக்கொண்டு வந்தது. கொஞ்ச தூரத்தில் சாக்கு கட்ட ஆரம்பித்தது. உட்கார்ந்தேன். அவிழ்ந்தது.

"பாத்தியாடா? குந்தினதும் சரியாப் போவுது. சாமி கூடவே வர்றாரு" என்றாள் மனைவி.

"சாமி வர்றாரு. பாவாதான் வர மாட்டேன்றாரு."

எழுந்து ஏறினேன். குனிந்தேன். முன்னைவிடச் சீக்கிரம் சாக்கு வந்தது. உட்கார்ந்தேன். இந்த முறை அவிழ நேரம் பிடித்தது. அப்படியே இழுத்துக்கொண்டு மண்டபம் வரைக்கும் வந்துவிட்டேன். மண்டபத்துக்கு முந்தின படியில் குனிந்து குங்குமம் வைத்தேன். நிமிர முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். பூக்கார அம்மா குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

நேரம் போனது. கால் வரவில்லை.

"இன்னா பாவா, இங்கியே உனக்கும் ஒரு கோயில் கட்டிடலாமா?" என்று மச்சான் குனிந்து என் தொடையைக் கிள்ளினான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பலமாகக் கிள்ளினான். நான் அப்போதும் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் சிரிப்பு போய்விட்டது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு முதுகைக் காட்டினான். "ஏறு" என்றான். மனைவி என்னைத் தூக்கி அவன் முதுகில் சாய்த்தாள். அவன் கொஞ்சம் தொந்தி உள்ள ஆள். மூச்சு வாங்க இறங்கினான். எதிரே ஏறி வந்தவர்கள் எங்களைப் பார்த்து, இதுவும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, "அரோகரா" என்றார்கள். ஒருத்தர் சொன்னதும் பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். கீழே வருகிற வரைக்கும் அரோகராதான்.

"காவடி தூக்கிக் கீறேன். பாவாவத் தூக்கறது இதான் மொத வாட்டி" என்றான் மச்சான் மூச்சுக்கு நடுவில். அவன் கழுத்து நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். கீழே என்னை இறக்கிவிட்டு அவன் கண்ணைத் துடைத்தபோதுதான் வேறு என்று தெரிந்தது.

மாலைக்குள் கால் கொஞ்சம் வந்தது. முழுக்க வரவில்லை. மறுநாள் கோல் ஊன்றித்தான் எழுந்தேன். மனைவி பேசினதையே பேசினாள். வேண்டுதலைப் பாதியில் விட்டுவிட்டோம், அதனால்தான் இப்படி, இன்னும் என்ன வருமோ. மச்சான் மட்டும், "அக்கா, சென்னைக்கு இட்டுகினு போலாம்" என்றான். வேறு ஒன்றும் பேசவில்லை. அவன் குறைவாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

சென்னை ரயிலில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். அதுவரை எனக்கு யாரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. அரக்கோணம் தாண்டும் வரைக்கும் அது ஒரு மாதிரி இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. நீள வரிசை. உள்ளே ஒரு டாக்டரம்மா. வயது குறைவு. கண்ணில் தூக்கம். எங்கள் படங்களையெல்லாம் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன பண்ணுது?"

"அது இன்னான்னா டாக்டரம்மா, போன சித்திரையிலருந்து..." என்றாள் மனைவி.

"நான் ஐயாவைக் கேட்டேன்மா."

"அவரு சொன்னா சாயங்காலம் ஆயிடும்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"ஆங்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு என்னைப் படுக்கச் சொன்னார். சுத்தியலால் முட்டியைத் தட்டினார். ஊசியால் தொட்டார். தண்ணீரில் நனைத்த ஒரு இரும்பை எடுத்துப் பாதத்தில் வைத்தார்.

"சில்லுன்னு இருக்கா?"

"இல்ல."

"டாக்டரம்மா, அவுருக்கு சில்லுன்னும் இருக்காது, சுடவும் சுடாது" என்றான் மச்சான். பழைய மச்சான் திரும்பிவிட்டான். "சித்திரை வெயில்ல மலைமேல எல்லாரும் குதிச்சிகினு கீறோம், இவரு செலை மாதிரி நிக்கிறாரு. ஜனங்க கால்ல வுழுந்து கும்பிட்டாங்க. பக்தின்னாங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கூட நின்ற நர்ஸும் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எந்தச் சித்திரை?"

"போன சித்திரை."

"அப்புறம்?"

அவன் படி பூஜையைச் சொன்னான். நான் குனிந்ததை, உட்கார்ந்ததை, எழுந்ததை, என்னை அவன் சுமந்ததை, அரோகராவை. அவன் நன்றாகக் கதை சொல்லுவான். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் இறங்குகிற இடம் வந்தும் இறங்காமல் கேட்பார்கள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இருங்க. குனிஞ்சு குனிஞ்சு ஏறினப்ப கனத்தது. உட்கார்ந்ததும் சரியாச்சு. மறுபடி குனிஞ்சப்ப சீக்கிரமே வந்துடுச்சு. அப்படித்தானே ஐயா?"

"ஆங்."

"வயல்லயும் அப்படித்தானா?"

"ஆங்."

"யூரின் போறதுல கஷ்டம் இருக்கா?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஒரு படம் இருந்தது. நல்ல படம்.

"பேப்பர் படிக்கிறாருன்னு நெனச்சேம்மா" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா இடுப்புப் படங்களை எடுத்து உறையில் போட்டார். இதுவரை எடுத்ததெல்லாம் இடுப்பு, பார்க்க வேண்டியது அதற்கு மேலே என்றார். குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்து, மருந்து ஏற்றி, முதுகு முழுக்கப் படம் எடுத்தார்கள். உள்ளே தறி மாதிரியே சத்தம். எனக்கு மாமியார் வீட்டில் படுத்திருப்பது போல இருந்தது. தூங்கிவிட்டேன்.

படத்தைக் காட்டினார்கள். முதுகெலும்புக்கு நடுவில் தண்டுவடம். வெள்ளைக் கயிறு மாதிரி இருக்க வேண்டியது நடுவில் ஊறி உப்பியிருந்தது. அதன் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாக வளைந்த கோடுகள். மழை பெய்த மறுநாள் வரப்பில் மண்புழு போன தடம் மாதிரி.

"இதெல்லாம் ரத்தக்குழாய்" என்றார் டாக்டரம்மா. "உடம்புல ரத்தம் கொண்டு வர்ற குழாய் வேற. அதுல வேகம் ஜாஸ்தி. வேலை முடிஞ்ச ரத்தத்தத் திருப்பி எடுத்துட்டுப் போற குழாய் வேற. அது மெல்லிசு, வேகம் தாங்காது. நடுவுல சின்னச் சின்னக் குழாயாப் பிரிஞ்சு, வேகம் அடங்கி, அப்புறம்தான் இதுல இருந்து அதுக்குப் போகணும். இவருக்கு முதுகுல ஒரு இடத்துல ரெண்டும் நேரா ஒட்டிக்கிச்சு. வேகமா வர்ற ரத்தம் நேரே திரும்பிப் போற குழாய்ல விழுது. அது வீங்கிடுச்சு. தண்டுவடத்துல இருந்து வெளிய போக வேண்டிய ரத்தம் போக வழியில்லாம அங்கயே தேங்குது. அதான் தண்டுவடம் ஊறியிருக்கு. நடந்தா, குனிஞ்சா, முக்கினா அழுத்தம் இன்னும் கூடும். உட்கார்ந்தா கொஞ்சம் குறையும்."

மச்சான் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எறங்குற வழியில ஏறுறவன் பூந்துட்டா எப்படிம்மா இருக்கும்? மேல கும்பிட்டவனும் எறங்க முடியாது, ஏறுறவனும் ஏற முடியாது. நடுவுல கீறவன் நசுங்கிடுவான். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா.

"நடுவுல நசுங்கினது பாவா கால்."

எனக்கு வேறு தோன்றியது. மோட்டார்த் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் வடிகாலில் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? வடிகால் நிரம்பி எதிர்த்து நிற்கும். வயலில் நிற்கும் தண்ணீர் வடியாது. பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் இல்லை. தண்ணீரிலேயே நின்று வேர் அழுகும். மேலே பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் சாயும். அப்படிச் சாய்ந்த நெல்லை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்துத்தான் பிழைக்கும்.

திரும்பிப் போகும் அந்தக் குழாயைப் புத்தகத்தில் சிரை என்று எழுதுகிறார்கள். எனக்கு வடிகால் போதும்.

"ஒட்டின இடத்தைப் பிரிச்சு விடணும்" என்றார் டாக்டரம்மா. தொடைக்கு மேலே ஒரு மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்தி, எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். சிலருக்கு அந்தக் குழாய் வழியாகவே பசை மாதிரி ஒன்றை விட்டு அடைத்துவிடலாமாம். எனக்கு அந்த வளைவில் குழாய் போகாது என்றார்கள். முதுகைத் திறந்துதான் செய்ய வேண்டும்.

"செஞ்சா நடப்பாரா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. நடை வரலாம். மத்தது மெதுவா, கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம். ஆபரேஷன்ல ஆபத்தே இல்லன்னும் சொல்ல மாட்டேன். செய்யாம விட்டா ரெண்டு காலும் போயிடும்."

வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். மனைவி கையைப் பிசைந்தாள்.

"மொதல்ல மீதி படிய முடிச்சிட்டு வந்துடலாம். பாதியில வுட்டுட்டு கத்தி வெச்சிக்கினா நல்லா இருக்குமா?"

உள்ளேயிருந்து வந்த டாக்டரம்மா காதில் அது விழுந்துவிட்டது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசுகிறவள் ஆயிற்றே. அவர் நின்றார்.

"அம்மா, கும்பிடுங்க. வேணாம்னு சொல்லல. ஆனா இவரு இன்னொரு தடவை குனிஞ்சு குனிஞ்சு ஏறினா மிச்சம் இருக்கிறதும் அங்கயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மனைவிக்கு முழுக்க விளங்கியது. கால் வர வேண்டும் என்று அவள் என்னைக் குனியச் சொன்ன ஒவ்வொரு படியும் கால்மேல் ஏறி மிதித்திருக்கிறது. அவள் அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவள் அப்படிச் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"நீ வேண்டாம இருந்திருந்தா, மச்சான் கதை சொல்லியிருக்க மாட்டான். டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, பாவா எவ்ளோ பேசிட்டாரு பாரு. டாக்டரக் கூப்பிடவா?" என்றான் மச்சான்.

மனைவி அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அழுதாள். அது பரவாயில்லை. அழுதால் சத்தம் வரும்.

"மீதி படிக்கு நான் குனியறேன். சாமிகிட்ட சொல்லிடு. பேரு மாத்தி எழுதிக்க சொல்லு" என்றான் அவன்.

"இந்தத் தொந்திய வெச்சிக்கினாடா?"

"அத்தக் கழட்டி வெச்சிட்டா போவ முடியும்? அத்தோடதான்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க இன்னா சொல்றீங்க?"

"அறுக்கட்டும்" என்றேன்.

அறுத்தார்கள். முதுகில் ஒரு சாண் தையல். கண் விழித்தபோது மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்குகிறதா என்று பார்ப்பது போல. அசைக்கச் சொன்னாள். அசைத்தேன். நான் அசைத்ததாகத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அசையவில்லை என்று தெரிந்தது.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும். மச்சான் வந்தால் அவனும் பார்ப்பான். பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டாரும் வந்து பார்த்தார்கள். என் கட்டைவிரலுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்பு இருந்ததில்லை. ஒரு நாள் விடியற்காலையில் எல்லாரும் தூங்கும்போது அது அசைந்தது. யாரையும் எழுப்பவில்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"எப்பருந்து?"

"காலைலருந்து."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீ தூங்கிகினு இருந்தே."

அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து பல மாதம் பழகினேன். கம்பியைப் பிடித்து நிற்பது, சுவரைப் பிடித்து நடப்பது, பிறகு கோல். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். ஈரச் சாக்கு ஒரே நாளில் அவிழவில்லை. காய்ந்து காய்ந்து லேசானது. சிறுநீர் முன்னைவிடப் பரவாயில்லை. ஆனாலும் பேப்பர் கொஞ்சம் படிக்கத்தான் செய்கிறேன். செருப்பை ரப்பர் பட்டையால் குதிகாலில் கட்டிவிட்டாள். ஸ்கூல் பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்றான் மச்சான். பாதம் மட்டும் அப்படியே இருந்தது. யாரோ இன்னொருவர் பாதத்தின் மேல் நான் நிற்பது போல. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நேரம் கொடுங்க" என்றார். இப்போது குனியலாமா என்று மனைவி கேட்டாள். அளவாகக் குனியலாம் என்றார். அதற்கு மனைவி தலையை ஆட்டினாள். அளவு எவ்வளவு என்பதை அவள் வைத்துக்கொண்டாள். அளவு பூஜ்யம்.

அடுத்த சித்திரையில் மலைக்குப் போனோம். விடிந்ததும் போவதாக ஏற்பாடு. மச்சான் ரேணிகுண்டாவுக்கு ஒரு சவாரி போய்விட்டு வெயில் ஏறின பிறகு வந்தான்.

"ரோடு இருக்குது, ஆட்டோ இருக்குது, மண்டபத்துக்குக் கிட்ட..." என்று ஆரம்பித்தான்.

மனைவி பார்த்த பார்வையில் ஆட்டோவைப் பூட்டிவிட்டு வந்தான்.

கீழிருந்து மண்டபம் வரைக்கும் பூஜை முடிந்த படிகள். வெறுமனே ஏறினால் போதும். நான் கோலை ஊன்றி ஒவ்வொன்றாக ஏறினேன். ஒரு படிக்கு இரண்டு காலும் வந்து சேர வேண்டும். பின்னால் மனைவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள், கோழி பிடிக்கிறவள் போல. நின்று நின்று ஏறினோம். சாக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். களைப்பு வந்தது. மூச்சு வாங்கியது. சாக்கு வரவில்லை. போன வருஷம் நான் சாய்ந்து உட்கார்ந்த அந்தப் படி வந்தது. நான் வைத்த குங்குமம் எப்போதோ போய்விட்டது. மேலே கால் வைத்தேன்.

மண்டபத்தைத் தாண்டி மச்சான் முறை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தான். துடைத்தான், மஞ்சள் பூசினான், பொட்டு வைத்தான்.

"கோணலா வெக்கிறடா."

"சாமி நேரா எடுத்துக்குவாரு, வுடுக்கா."

அடுத்த படிகளில் அவன் பேச்சு குறைந்தது. அதற்கப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்காக நேர்ந்துகொண்டு, என்னால் முடியாத வேலையைச் செய்கிற ஆள். நான் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடம்.

"மச்சான், மெஷினுக்குள்ள படுக்கறியா?" என்றேன்.

அவன் குங்குமக் கையைத் தலையில் வைத்துக்கொண்டான். "அக்கா, இவருக்குக் காலு சரியாச்சோ இல்லியோ, வாய் சரியாயிட்ச்சி."

குடைக்குள்ளிருந்து பூக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "கல்லு சுடாத சாமி வந்துட்டாரா!" என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

மனைவி நிழலுக்குப் போய்விட்டாள். மச்சான் தண்ணீர் ஊற்றி நனைத்த இடத்தில் நின்றான். நான் நடுப்படியில் வெயிலில் நின்றேன். இடது பாதத்தில் ஏதோ இருந்தது. முதலில் எறும்பு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. பாதத்தை எடுத்தேன். இல்லை. வைத்தேன். இருந்தது. வலது பாதத்தை வைத்துப் பார்த்தேன். அது பழையபடி வெறும் கல்தான். இடதை மறுபடியும் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

"இன்னா பாவா, ஆடிகினு கீறே?"

பதில் சொல்ல எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பிடித்தது.

"சுடுது" என்றேன்.

என் காலைப் பார்க்கக் குனிந்த மச்சான் நிமிரவில்லை. மனைவி நிழலிலிருந்து ஓடி வந்தாள். வெறுங்காலோடு வெயில் கல்லில் ஓடி வந்து, குதிக்க மறந்து என் முன்னால் நின்று, "எந்தக் காலு?" என்றாள்.

"இது."

"நெசமாவா? நல்லா சுடுதா?"

"நல்லா சுடுது."

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிப் பாருங்க" என்றாள். வைத்தேன். தாங்கவில்லை. கோலை ஊன்றி ஒற்றைக் காலில் குதித்தேன். அப்போதுதான் அவளுக்கும் சுட ஆரம்பித்தது. இரண்டு பேரும் குதித்தோம்.

பூக்கார அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"இன்னா சாமி, பக்தி கொறஞ்சிட்ச்சா?"

"ஆங்" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனேன்.